காற்றும் வெடிக்கும்!



எங்க அப்பா சாத்தூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். பட்டாசு லாரிகள்தான் அதிகம் வரும். போன மாதம் ஏர் டேங்க் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. அப்பா பழைய இரும்புக் கடையில் பெரிய டேங்க் ஒன்றை விலை பேசினார். புதுப் பெயிண்ட், பாதி விலை.

அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். அங்கே ஒரு அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று எழுதிப் போட்டிருக்குமாம்.

"இது எத்தனை பவுண்டு தாங்கும்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"காத்து தானே, மருந்தா என்ன?"

"அடைச்சு வச்சா காத்தும் மருந்துதான்."

தகட்டைக் காணோம். பெயிண்டைச் சுரண்டினால் ஒட்டு வைத்த வெல்டிங்! அப்பா பேசவே இல்லை.

லாரி டயருக்கு 100 பவுண்டு வேண்டும். அது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. காற்றிலுள்ள ஈரம் டேங்க் அடியில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். பெயிண்ட் குண்டு சுட்டு விளையாடும் துப்பாக்கியின் சிறிய டேங்கில் 3000 பவுண்டு அடைப்பார்கள். அதில் சோதித்த தேதி பொறித்திருக்கும். தண்ணீர் நிரப்பித்தான் சோதிப்பார்கள். தண்ணீர் அவ்வளவாகச் சுருங்காது. டேங்க் விரிசல் விட்டாலும் காற்று போல வெடித்துச் சிதறாது.

கடைசியில் சிறிய புது டேங்க் வாங்கினோம். தகடு, சேப்டி வால்வு, தண்ணீர் திறக்கும் திருகு எல்லாம் உண்டு. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. தினமும் சாயங்காலம் தண்ணீர் திறந்து விடுவது என் வேலை.

மருந்துக்குப் பயப்படும் ஊர் நம் ஊர். காற்றுக்கும் கொஞ்சம் பயப்படுவோம். நீங்கள் காற்று அடிக்கும் கடையிலும் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி