பட்டம் வாபஸ்!

வாங்குகிற மிக்ஸிக்குக்கூட இரண்டு வருஷம் கியாரண்டி கொடுக்கிறான். பிஎச்.டி. பட்டத்துக்கு? ஆயுசு முழுக்க என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை சார். கொடுத்த பல்கலைக்கழகமே ஒருநாள், "அதைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்க" என்று கேட்கலாம்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் எங்கள் தெரு அண்ணாச்சி. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறார். கொற்கையைப் பற்றி ஆறு வருஷம் ஆராய்ச்சி. பகலில் வகுப்பு, ராத்திரி தீசிஸ், ஞாயிற்றுக்கிழமையானால் ஏரல் பஸ். வைவா முடிந்த அன்று தெரு முழுக்க மக்ரூன் கொடுத்தார்.

இரண்டு வருஷம் கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. 'தீசிஸ் காப்பி. பட்டத்தை ரத்து செய்க.' அண்ணாச்சிக்கு நோட்டீஸ் வந்தது.

"தம்பி, கொற்கை பாண்டியர் துறைமுகம். முத்துக்குப் பேர்போனது. 1968-69ல தொல்லியல் துறை தோண்டிச்சு. கரித்துண்டுக்குக் கி.மு. 785ன்னு காலம் கெடச்சுது. இப்ப கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டு. இதை எத்தனை விதமா எழுத முடியும், சொல்லு? எனக்கு முன்னால எழுதினவனும் இதையேதான எழுதியிருப்பான்?"

நியாயமான கேள்வி. யு.ஜி.சி. 2018ல் போட்ட விதியும் இதை யோசித்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம், தற்செயலாக ஒத்துப்போகிற சொற்கள் எல்லாம் தொடர்ந்து 14 வார்த்தை வரை கணக்கில் வராது. மொத்த ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஒரு வருஷம் தீசிஸ் கொடுக்க முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு நிரூபணமானால், பட்டத்தைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வைப்பார்கள்.

"நிறுத்தி வைக்கிறதுன்னா? அதுவரைக்கும் அரை டாக்டரா?" என்றார் அண்ணாச்சி. சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

வெளிநாட்டில் இதைவிடக் கூத்து. ஜெர்மனியில் அனெட் ஷவான் என்ற அம்மையார் 1980ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 33 வருஷம் கழித்து, 2013 பிப்ரவரியில், டுஸ்ஸல்டார்ஃப் பல்கலைக்கழகம் அதை ரத்து செய்தது. அப்போது அவர் யார் தெரியுமா? மத்திய கல்வி மந்திரி! தீசிஸ் எதைப் பற்றி? மனசாட்சியைப் பற்றி! சில நாட்களில் ராஜினாமா. கோர்ட்டுக்கும் போனார். 2014ல் தள்ளுபடி.

இன்னொருவர் ஹென்ட்ரிக் ஷோன், இயற்பியல்காரர். இவர் தீசிஸில் ஒரு குற்றமும் இல்லை. பிறகு அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் சோதனை முடிவுகளை இஷ்டத்துக்குச் 'சமைத்து' 2002ல் மாட்டிக்கொண்டார். விசாரணைக் குழு நோட்டுப் புத்தகத்தைக் கேட்டது. இல்லை. கம்ப்யூட்டர் பதிவைக் கேட்டது. அழித்தாகிவிட்டது. 2004ல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. 2010ல் ஒரு கோர்ட் 'பறித்தது தப்பு' என்றது. 2011ல் மேல் கோர்ட் 'சரிதான்' என்றது. 2014ல் அரசியல் சட்டக் கோர்ட் வரை போயும் தோற்றார். வழக்கிலேயே பத்து வருஷம்!

நம்மூரில் பட்டம் ரத்தானால் ஐகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் போடலாம். நீதிபதி தீசிஸைத் திருத்தி மார்க் போட மாட்டார். பல்கலைக்கழகத்தைத்தான் கேட்பார்: நோட்டீஸ் கொடுத்தீர்களா? ஆதாரத்தைக் காட்டினீர்களா? அவர் பக்கத்தைக் கேட்டீர்களா?

அண்ணாச்சி அதுவரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் பட்ட பாடு கொஞ்சமில்லை. யு.ஜி.சி. விதிப்படி துறைக் குழுவுக்கு 45 நாள், நிறுவனக் குழுவுக்கு 45 நாள். இவருக்கு ஆனது பதினோரு மாதம். நடுவில் மகள் கல்யாணம் வந்தது. பத்திரிகையில் பெயருக்கு முன்னால் 'முனைவர்' போடலாமா, கூடாதா? அச்சாபீஸ்காரர் புரூப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அக்காதான் முடிவு சொன்னார்: "போடுங்க. பறிச்சா நானே கறுப்பு மையால அடிச்சுக் குடுக்கேன்."

காப்பாற்றியது ஏழு நோட்டுப் புத்தகங்கள். எந்த ஞாயிறு எந்த மேட்டில் நின்றார், எந்த ஓட்டை அளந்தார் என்று தேதி போட்டு எழுதியிருந்தார். குழு புரட்டிப் பார்த்தது. 'புகாரில் சாரமில்லை' என்று கடிதம் வந்தது.

பட்டத்தைத் திரும்ப வாங்கும் அதிகாரம் கண்டிப்பாக வேண்டும். இல்லாவிட்டால் உழைத்தவனுக்கும் ஜெராக்ஸ் எடுத்தவனுக்கும் ஒரே பெயர்ப்பலகைதான். ஆனால் கேட்காமல் பறிப்பது எவ்வளவு அநியாயமோ, கேட்டுவிட்டு மாதக்கணக்கில் பதில் சொல்லாமல் இருப்பதும் அவ்வளவு அநியாயம். 45 நாள் என்று எழுதினால் 45 நாளில் முடிக்க வேண்டும்.

ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே பார்ட்-டைம் பிஎச்.டி. பண்ணும் தம்பிகளே! பட்டத்தை பிரேம் போட்டு மாட்டுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பழைய நோட்டுகளை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.