பத்துக்குப் பத்து அறையில் ஒரு பாட்டு

அக்டோபர் 5, ஞாயிறு

அக்காள் மகன் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பாபநாசத்தில் இருக்கும் என் வீட்டுக்குக் கிடாரோடு வந்திருக்கிறான். சொந்தமாக எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்று வைத்திருக்கிறான். அதை என் கம்ப்யூட்டரில் நல்லபடியாகப் பதிவு செய்ய வேண்டுமாம். போனில் எடுத்ததைப் போட்டுக் காட்டினான். குரலில் குறை இல்லை, விரலிலும் இல்லை. ஆனால் கிணற்றுக்குள் இறங்கி நின்று பாடியதுபோல இருக்கிறது.

“நல்ல மைக்கா ஒண்ணு வாங்கிட்டா சரியாயிரும்லா மாமா?”

“மைக் கெடக்கட்டும்லே. மொதல்ல ரூமு என்ன சொல்லுதுன்னு பாப்போம்.”

கை தட்டச் சொன்னேன். கான்கிரீட் மச்சு, மொசைக் தரை, வழவழவென்று பூசிய நான்கு சுவர். தட்டு ஓய்ந்த பிறகும் ‘ட்ர்ர்ர்’ என்று ஓர் உலோகச் சிணுங்கல் நிற்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சத்தம் ஓடி ஓடித் திரும்புகிறது. இரண்டு காதும் மூளையும் சேர்ந்து அறையைக் கழித்துவிட்டுத்தான் நமக்குப் பாட்டைக் கொடுக்கின்றன. ஒற்றை மைக்குக்கு அந்தத் திறமை கிடையாது. வந்ததையெல்லாம் எழுதி வைத்துவிடும்.

பிறகு ஐந்தாம் கம்பியை அழுத்தாமல் மீட்டச் சொன்னேன். மற்றக் கம்பிகளைவிட அது மட்டும் பொங்கி எழுந்தது. கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். நம் ஊர் வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகிறது. பத்தடி இடைவெளியில் இருக்கும் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸை ஒட்டி ஓர் அலை நிலைத்து நிற்கும்; அதன் இரட்டிப்பு 114. ஐந்தாம் கம்பியின் சுருதி 110. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரு திசையிலும் ஒரே தொல்லை. சுவரோரத்திலும் அறையின் நட்டநடுவிலும் அந்த 114 ஹெர்ட்ஸ் அலை உச்சத்தில் இருக்கும், கால்வாசித் தூரத்தில் அடங்கியிருக்கும். நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டரை அடியில் போட்டோம். கம்பி அடங்கிவிட்டது.

அக்டோபர் 8, புதன்

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் போதும் என்று கூடப் படிக்கிற பையன்கள் சொன்னார்களாம். ஒட்டவே வேண்டாம். மெல்லிய காகித அட்டை உச்ச ஒலிகளைக் கொஞ்சம் சிதறடிக்குமே தவிர, எதையும் விழுங்காது. கடையில் விற்கும் ஓர் அங்குல ஃபோமும் சிணுங்கலை மட்டும்தான் குறைக்கும். போன் பதிவைக் கெடுத்தது 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான கும்மல். அந்த அலைகள் நீளமானவை. அவற்றைப் பிடிக்கக் கனமான பொருள் வேண்டும், பொருளுக்குப் பின்னால் காற்றிடமும் வேண்டும்.

பஞ்சு மெத்தைதான் சரி. பஞ்சுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி சகோதரர்கள் அருவி நீரின் விசையை நம்பி நூற்பாலை தொடங்கிய ஊர் இது. நாலங்குல மெத்தை இரண்டைப் பரணிலிருந்து இறக்கி, ஒன்றைப் பாடுகிறவன் முதுகுக்குப் பின்னாலும் இன்னொன்றைப் பக்கவாட்டிலும் நிறுத்தினோம். சுவரோடு ஒட்டாமல் அரைச் சாண் இடைவெளி. தரையில் ஜமுக்காளம். மறுபடி கை தட்டினான். ‘டப்’ என்று நின்றுவிட்டது.

என் தீர்ப்பு இதுதான்: மைக்குக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை மெத்தைக்குக் கொடுக்கலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று முழுக்க மைக்கை நகர்த்தும் வேலை. புதிதாகக் கிடாரைப் பதிவு செய்கிறவர்கள் எல்லோரும் மைக்கை நேராகத் துளைக்கு முன்னால் வைக்கிறார்கள். சத்தம் அங்கிருந்துதான் வருகிறது என்ற நினைப்பு. துளை வழியாக வெளியேறுவது பெரும்பாலும் பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் உறுமல். சாதாரணக் கிடாரில் அது 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். கம்பியின் தெளிவும் பலகையின் இனிமையும் கலந்து வருவது கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில்.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டைப் பார்க்கும்படி, ஒரு சாண் தள்ளி, மைக்கை வைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவன் வாசிக்க வாசிக்க, விரலகலம் விரலகலமாக நகர்த்தினேன். துளைப் பக்கம் சாய்த்தால் கனம் ஏறுகிறது. தலைப் பக்கம் போனால் கம்பியில் விரல் உரசும் கீச்சு மட்டும் மிஞ்சுகிறது. நடுவில் ஓரிடத்தில், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகவும் சேர்ந்தும் கேட்டது. தரையில் சாக்பீஸால் குறித்துவைத்தேன். ஈக்வலைசரை மணிக்கணக்கில் திருகினாலும் இந்த இடம் கிடைக்காது.

கெயினைக் குறைவாகவே வைத்தேன். 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தொட்டால் போதும். சிவப்பு விளக்கைத் தொடும்வரை ஏற்றுவது கேசட் காலத்துப் பழக்கம். நாடாவின் இரைச்சலை மீற அப்போது அது தேவைப்பட்டது.

அக்டோபர் 17, வெள்ளி

மதியத்திலிருந்து மழை. பதிவு இல்லை, ‘ம்ம்ம்’ என்கிற இரைச்சலைத் துரத்தினோம். மேலே பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-லிருந்து ஓடுகிறது. அங்கே பிறக்கும் மின்சாரமும் நாடு முழுக்கப் போகும் மின்சாரமும் விநாடிக்கு 100 முறை திசை மாறி, 50 சுற்று முடிப்பவை. எர்த் சரியில்லாத வீட்டில் அந்த 50-உம் அதன் இரட்டிப்பான 100-உம் மைக் வயரில் ஏறிவிடும். கிடாரின் ஆறாம் கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் 98 ஹெர்ட்ஸ். இரண்டும் மோதும்போது விநாடிக்கு இரண்டு முறை சத்தம் ஏறி இறங்கும். ஜி கார்டில் வரும் நடுக்கம் தன் விரலால் வருவது என்று பாவம் பையன் நினைத்திருந்தான்.

லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டதும் முக்கால்வாசி ஓய்ந்தது. டியூப்லைட்டை அணைத்து, இன்வெர்ட்டரையும் நிறுத்தியதும் மிச்சமும் போயிற்று. நாளை எலக்ட்ரீசியன் வந்து கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் குழி வெட்டித் தருவார். பாட்டுக்காக இல்லாவிட்டாலும் வீட்டுக்கு அது வேண்டியதுதான்.

அக்டோபர் 20, தீபாவளி

வெடிச் சத்தத்தில் மைக்கைத் திறக்க வழியில்லை. ஹெட்போனில் இரண்டு பதிவுகளைக் கேட்கவைத்தேன். இரண்டும் 1982-இல் வந்தவை. ஒன்று, ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’. ஆர். சந்திரசேகரின் கிடார். தேர்ந்த கைகளும் முறையான ஒலிப்பதிவுக் கூடமும் சேர்ந்தால் மரமும் கம்பியும் எப்படிப் பேசும் என்பதற்கு, தமிழ்நாட்டில் கிடார் தொட்ட எவரும் முதலில் சொல்வது இதைத்தான்.

மற்றொன்று, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’. நியூஜெர்சியில் வாடகை வீட்டுப் படுக்கையறையில், நான்கு தடக் கேசட் கருவியில், இரண்டு சாதாரண மைக்குகளை வைத்து எடுத்தது. பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் திரும்ப வாசித்துப் பார்த்தார்கள். கேசட்டில் இருந்த உயிர் அதில் வரவில்லை. கடைசியில் கேசட்டையே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். நாடாவின் இரைச்சல் கேட்கிறது, கேட்கட்டும். பாடுகிறவர் நம் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

ரஹ்மான் ‘ரோஜா’வுக்கு இசையமைத்ததும் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்ந்த ஸ்டுடியோவில்தான் என்று சொன்னதும் பையனுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் அவர் அந்த அறையின் ஒலியமைப்புக்கு எவ்வளவு உழைத்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ராத்திரி இங்கேயே தங்கிவிட்டான். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பினேன். பாபநாசத்தில் பதிவுக்கு ஏற்ற நேரம் இதுதான். மழை விட்ட ராத்திரி முழுக்கத் தவளை, விடிந்தால் மயில், பிறகு குரங்கு, பஸ் ஹாரன். இன்னும் இரண்டு வாரத்தில் கார்த்திகை பிறந்துவிடும். அப்புறம் விடியலிலேயே ஐயப்பன் பாட்டு ஸ்பீக்கரில் வரும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பதிவை அதற்கு முன்னால் முடித்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

தாமிரபரணியின் இரைச்சல் மட்டும் ஓயாது. மைக்கின் முதுகை ஆற்றுப் பக்கத்து ஜன்னலுக்குக் காட்டி வைத்தேன். கார்டியாய்டு மைக் பின்னாலிருந்து வருவதை அதிகம் வாங்காது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் ஏறும், ஆற்றுச் சத்தம் அப்படியே இருக்கும். இரைச்சலை அப்புறம் ஆடாசிட்டி மென்பொருளில் அழித்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒவ்வொரு சொல்லின் வாலும் சேர்ந்து அறுந்துபோகும்.

குரலையும் கிடாரையும் தனித்தனியாக எடுப்பதா, சேர்த்தா? தனித்தனியாக எடுத்தால் திருத்துவது சுலபம். இரண்டு மைக் வைத்துச் சேர்த்து எடுத்தால், ஒரே குரல் இரண்டிலும் வெவ்வேறு நேரத்தில் விழும். 34 சென்டிமீட்டர் தூர வித்தியாசம் என்றால் ஒரு மில்லி விநாடி தாமதம். கலக்கும்போது 500 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று வெட்டி, குரல் மெலிந்துவிடும். நான் ஒரே மைக்கில் சேர்த்து எடுப்பதையே விரும்புகிறேன். பாடும்போது மூச்சுக்கு ஏற்பக் கை தானாகத் தாழ்ந்து ஏறுகிறது. தனித்தனியாக எடுத்தால் அந்த உறவு போய்விடும். மைக்கை நெஞ்சு உயரத்தில் வைத்து, குரல் அமுங்கினால் மேலே, கிடார் அமுங்கினால் கீழே நகர்த்தினேன். ‘ப’கரம் வெடிக்காமலிருக்க வாய்க்கு நேராக இல்லாமல் ஓரமாகத் திருப்பினேன்.

“மாமா, ஃபேனப் போடுங்க, வேத்து ஊத்துது.”

“இந்த ஒரு தடவ பொறுத்துக்கோ மருமவனே.”

அந்த முறை பாடியதுதான் நிற்கிறது. இரண்டாவது சரணத்தில் ஒரு கம்பி லேசாகப் பிசிறுகிறது. அதைத் தொடமாட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மிக்ஸிங் சீக்கிரம் முடிந்தது. ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குவதால் 60-க்குக் கீழே மட்டும் வெட்டினேன். 300 பக்கம் இரண்டு டெசிபெல் குறைத்தேன். கொஞ்சம் ரிவெர்ப். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. லிமிட்டரில் போட்டு நசுக்கிச் சத்தம் கூட்டினால் நட்டம் நமக்குத்தான். அக்காள் போனில் கேட்டாள், அத்தான் காரில் கேட்டார். இரண்டிலும் சொல் விளங்குகிறது.

அம்பையிலும் கல்லிடைக்குறிச்சியிலும் விக்கிரமசிங்கபுரத்திலும் தாலாட்டும் கீர்த்தனையும் தெரிந்த ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், கிடாரும் கம்ப்யூட்டரும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஃபேனை நிறுத்துங்கள். மெத்தையும் துணிமணியும் நிறைந்த அறையில் உட்காரவையுங்கள். போனை ஒரு சாண் தூரத்தில், வாய்க்குச் சற்று ஓரமாக வைத்துப் பாடச் சொல்லுங்கள். முடிந்தால் வேவ் கோப்பாகச் சேமித்து, இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஒரு தடத்துக்கு, 24 பிட்டில், 48,000 ஹெர்ட்ஸில், நிமிஷத்துக்கு ஒன்பது எம்.பி.கூட ஆகாது.