தேநீர்க் கறை வேண்டாம்

வீட்டில் கழித்துப்போட்ட பொருள்களைச் சேர்த்துச் சுவர்த் தொங்கல் செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் கற்றுக்கொள்வது, புதியதைப் பழையதாகக் காட்டும் வித்தையைத்தான். டீத்தூள் கொதித்த நீரில் துணியை நனைப்பார்கள், காகித ஓரத்தை மெழுகுவத்தியில் கருக்குவார்கள், பித்தளை நிறச் சாயத்தை ஸ்பாஞ்சால் ஒற்றுவார்கள். வந்தவாசியை அடுத்த தெள்ளாரில், ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வித்தை தேவையே இல்லை என்பது என் கட்சி. இங்கே வீட்டு மூலைகளில் கிடப்பவை ஏற்கெனவே வயதானவை. கிழிந்த பட்டுப்புடவையின் கரை, புதுப் பாவு பிணைத்தபின் மிஞ்சிய இழை நுனிகள், தேய்ந்த தார்க்குச்சி, ஓரம் பிரிந்த கோரைப்பாய், தறியில் கோக்கும் துளையிட்ட ஜக்கார்டு அட்டை என்று எல்லாவற்றிலும் காலம் தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அதை மறைக்காமல் தாங்கிப் பிடிப்பது மட்டுமே.

சரிகையைப் பாருங்கள். அசல் சரிகை என்பது சிவப்புப் பட்டிழை மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது; அதில் தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முலாம் தேய்ந்த இடத்தில் காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கிறது. அந்தக் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக விழாது. இடுப்பில் செருகிய பகுதி, வியர்வை பட்ட முந்தானை ஓரம், பீரோவில் பல ஆண்டுகள் மடிந்தே கிடந்த மடிப்புக்கோடு எனக் கட்டியவரின் பழக்கம் எப்படியோ அப்படியே விழும். மடிப்பை விரலால் தடவினால் கம்பி அறுந்து சிவப்பிழை எட்டிப்பார்க்கும். ஸ்பாஞ்சால் ஒற்றிய சாயத்துக்கு இந்த ஒழுங்கின்மை வராது; இரண்டடி தூரத்திலேயே அது சாயம் என்று தெரிந்துவிடும். ஜக்கார்டு அட்டைக்கும் இதே கதைதான். பிரான்சின் லியோன் நகரில் 1804இல் உருவான அந்த நெசவு முறையில், துளை இருக்கும் இடத்தில் கொக்கி எழுந்து பாவிழையைத் தூக்கும், துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கும். மின்னணு ஜக்கார்டு வந்தபின் கோத்த அட்டைகள் மூட்டை மூட்டையாக ஒதுங்குகின்றன. கைபட்டு மழுங்கிய அந்த அட்டைகளை, அப்படிப்பட்ட அட்டைகளால் நெய்த மாங்காய்க் கரைக்குப் பக்கத்திலேயே தைத்து வைத்தால், பார்ப்பவர் அந்த மாங்காய்ப் புட்டாவின் பிறப்பையும் உருவத்தையும் ஒருசேரப் படிக்கலாம். அந்த அட்டைமேல் பழுப்பு வண்ணம் பூசுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

அழகு ஒருபுறம் இருக்கட்டும், ஆயுள் என்ற கணக்கும் உண்டு. தேநீரில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைத் தொட்டால் கறுத்து இழையை அரிக்கும். டீ நனைத்த பட்டில் ஒரு குண்டூசி துருப்பிடித்தாலே போதும். வெள்ளைப் பசை பட்டுக்குள் ஊறிக் காய்ந்தால் துணி விறைத்து, அசையும் இடத்தில் கீறும். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. எனவே ஒட்டாமல் தைப்பதே முறை: நலிந்த கரையின் அடியில் மல் துணி வைத்து, புடவையிலிருந்தே உருவிய ஒற்றை இழையால் சரிகைக்குக் குறுக்கே அங்கங்கே சிறு தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். வங்காளத்துக் காந்தாவில் பழம்புடவைக் கரையிலிருந்து நூல் உருவித் தைத்ததும் இந்த வழிதான். மொத்தப் பாரத்தையும் பின்னால் இருக்கும் கோரைப்பாய்த் துண்டு தாங்கட்டும். கோரையை மடக்குமுன் நீர் தெளித்துப் பதமாக்காவிட்டால் முறியும். மேற்கு வெயில் விழும் சுவரில் மாட்டவே கூடாது. இயற்கை இழைகளில் வெயிலுக்கு மிக விரைவில் நலிவது பட்டு.

வாங்குகிறவர்கள் பழுப்பேறிய தோற்றத்தைத்தானே கேட்கிறார்கள் என்பார்கள். கேட்கிறார்கள், உண்மைதான், அசலைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பில்லாததால் கேட்கிறார்கள். பழம்பட்டு இல்லாத வீட்டுக்காரர் என்ன செய்வது? பிளாஸ்டிக் சரிகையும் பால் பாக்கெட்டும் இருந்தால் அவற்றைப் பளபளப்போடு அப்படியே வைக்கட்டும், அவையும் ஒருநாள் பழையனவாகும். மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: கல்யாணப் புடவையில் கத்திரி வைப்பது பாவம் என்கிறார்கள். கட்டக்கூடிய புடவையை வெட்டக் கூடாது என்பதில் நானும் அவர்கள் பக்கம். ஆனால் உடல் முழுக்க இற்றுப்போன புடவைக்கு நம் தெருக்களில் காத்திருப்பது வேறு முடிவு. ‘பழைய பட்டுப்புடவை வாங்குறது’ என்று கூவி வருகிறவர் எடுத்துப்போனால், சரிகை எரிந்து வெள்ளி தனியாகும், நெசவு சாம்பலாகும். கத்திரி வைத்தால் கரையாவது மிஞ்சும்.

பழைய பட்டு வாங்க வருகிறவரைக் கூப்பிடுமுன் ஒரு முழம் கரையையாவது வெட்டி எடுத்து வையுங்கள். தொங்கலாகத் தைத்தபின், யார் கட்டிய புடவை, எந்த ஆண்டு எடுத்தது, எந்த ஊர்த் தறி என்று தெரிந்தவரை ஒரு துணிப்பட்டையில் எழுதிப் பின்புறம் தைத்துவிடுங்கள்.