ஒரு பிஸ்டல், இரண்டு கைகள்

தில்லியின் தெற்குக் கோடியில், துக்ளகாபாத்தில் இருக்கிறது டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் மைதானம். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே வரும் ஒரு வங்கி அதிகாரியின் பெட்டிக்குள் ஒரே ஒரு ஏர் பிஸ்டல் இருக்கும். ஆனால் மரக் கைப்பிடிகள் இரண்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று 15 வயது மகளுடையது.

அவருடைய துப்பாக்கி ஆசை தப்பான இடத்தில்தான் தொடங்கியது. 2009இல், நிறையப் பேரைப் போல அவரும் முதலில் வாங்கியது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் தயாரான .32 ரிவால்வர். அது சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பக்கத்து வீட்டாரிடம் கேள்விகள், ‘உங்களுக்கு எதற்கு?’ என்று ஆளாளுக்குக் கேட்பது எல்லாம் முடிய ஒன்றரை வருடம் ஆனது. 1980களின் நடுவிலேயே தனியார் துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்பட்டுவிட்டதால், வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி என்றால் பழசுதான். அதன் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். சாதாரண மனிதருக்கு அன்று அரசுத் தொழிற்சாலையின் ரிவால்வரே கதியாக இருந்தது.

ஆசையோடு அதை எடுத்துக்கொண்டு சுடப் போனவருக்கு ஏமாற்றம். சுமார் மூன்று அங்குலக் குழல். அவ்வளவு குட்டையான துப்பாக்கியில் முன்குறியும் பின்குறியும் நெருக்கமாக இருக்கும். குறி மயிரிழை விலகினாலும் தோட்டா எங்கோ போகும். விசை கனம். தோட்டாக்களோ லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் கிடைக்காது, விலையும் அதிகம். ஆபத்தில் தற்காத்துக்கொள்ளச் செய்த பொருளை வைத்துக்கொண்டு விளையாட்டு பழக முடியாது என்று அவருக்குப் புரிந்தது. விசையை இலகுவாக்கித் தரச் சொல்லி ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனார். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றி அமைக்கவும் தனி லைசென்ஸ் வேண்டும். குழலைக் குறைத்தால் குற்றம். சொந்தத் துப்பாக்கிதான், ஆனாலும் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது.

அந்த ரிவால்வர் இன்று பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு, முடிவு வந்ததும் வீடு திரும்புகிறது.

பிறகுதான் அவர் ஏர் பிஸ்டல் பக்கம் திரும்பினார். 10 மீட்டர் போட்டியில் பயன்படும் 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டலுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் பணம் வேண்டும். போட்டித் தரத்தில் புதிதாக வாங்க லட்சத்துக்கு மேல் ஆகும். படிப்புக்காகச் சுடுவதை நிறுத்திய ஒரு கல்லூரி மாணவரிடம் பழையதை வாங்கினார். பிஸ்டல் பழுதில்லாமல் இருந்தது. கைப்பிடிதான் அந்த மாணவரின் கைக்காகச் செதுக்கப்பட்டிருந்தது. இவர் பிடித்தால் கட்டைவிரலடியில் இடித்தது. உள்ளங்கையில் இடைவெளி விழுந்தது.

ஏர் பிஸ்டல் இலக்கின் நடுவில் உள்ள 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவுதான். நீட்டிய ஒரே கையால், பத்து மீட்டர் தூரத்திலிருந்து அதை அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிஸ்டல் கையில் ஒரே மாதிரி உட்கார்ந்தால்தான் அது நடக்கும். கைப்பிடியை அரத்தால் தேய்க்கலாம், புட்டி வைத்து மேடு ஏற்றலாம். விதிகள் அதைத் தடுப்பதில்லை. கைப்பிடி மணிக்கட்டுக்குத் தாங்கல் கொடுக்கக்கூடாது, முழுப் பிஸ்டலும் 1,500 கிராமைத் தாண்டக்கூடாது, விசை 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பவைதான் கட்டுப்பாடுகள். ரிவால்வரில் கிடைக்காத சுதந்திரம் இங்கே கிடைத்தது.

ஆனால் தேய்த்த மரம் திரும்ப வளராது. தன் கைக்காகத் தேய்த்துவிட்டால் நாளை இதை யார் வாங்குவார்கள்? ஒரு மாதம் தயங்கினார். பிறகு உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு பிடித்துப் பார்த்தார். வெள்ளை அழுத்தமாக ஒட்டிய இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புத்தாளால் தேய்த்தார். மூன்று மாதம் ராத்திரிகளில் இதே வேலை. ‘கல்யாண வீட்டு விருந்துக்குக்கூட இவ்வளவு மெனக்கெட்டதில்லை’ என்று மனைவி கேலி செய்தார். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். கண்ணைத் திறந்தபோது முன்குறி பின்குறியின் இடுக்கில் நேராக நின்றிருந்தது.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றதை மகள் டிவியில் பார்த்தாள். டோக்கியோவில் பிஸ்டல் பழுதாகிப் பொன்னான நிமிடங்களை இழந்தவர் அவர் என்று அப்பா சொன்ன கதையும் அவளுக்குப் பிடித்துப்போனது. மறுநாளே பிஸ்டலைக் கேட்டாள். கொடுத்தார். அவள் விரல் விசையை எட்டவில்லை.

அவளுக்கென்று இன்னொரு பிஸ்டல் வாங்கினால் அந்த வருட கோச்சிங் கட்டணம் இடிக்கும். கைப்பிடி மட்டும்தான் மலிவு. திருகைக் கழற்றினால் மாற்றிவிடலாம். சின்ன அளவில் ஒன்று வாங்கினார். இந்த முறை அரம் மகள் கையில் இருந்தது. எங்கே இடிக்கிறது என்று அவள் சொல்ல, எங்கே தேய்க்க வேண்டும் என்று அவர் காட்டினார். அவர் குறிக்கும் அவள் குறிக்கும் எத்தனை கிளிக் வித்தியாசம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தார்கள்.

முதலில் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பங்கு. பிறகு மகளுக்கு மாவட்டப் போட்டி வந்தது. ஒவ்வொரு முறையும் திருகைக் கழற்றி மாட்டினால் அவள் பிடி கெடும் என்று கோச் சொன்னார். இப்போது அவளுடைய கைப்பிடிதான் பிஸ்டலில் நிரந்தரமாக இருக்கிறது.

அப்பா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து புள்ளிகளைக் குறிக்கிறார். பெட்டியில் கிடக்கும் தன் கைப்பிடியைச் சில சமயம் எடுத்துப் பிடித்துக்கொள்கிறார். அது இன்னும் அவர் கைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.