புள்ளக்காரி

எங்கள் வீட்டில் நண்டு வளை அடைக்கிற வேலை சிறுவர்களுக்குத்தான். வெண்ணாற்றுப் பாசனத்தில் கடைமடை வயல். முறை வைத்து வரும் தண்ணீரைத் தேக்கிவிட்டுத் தூங்கினால், விடிவதற்குள் வரப்பில் உள்ள வளை வழியே பக்கத்து வயலுக்குப் போய்விடும். அதில் மூண்ட பங்காளிச் சண்டைகளைப் பார்த்திருக்கிறேன். நண்டின் மேல் வழக்குப் போட முடியாதே!

வளை வாயில் ஈரமண் உருண்டை கிடந்தால் உள்ளே நண்டு உண்டு. வழவழவென்று காய்ந்திருந்தால் கையை விடாதே, பாம்பு இருக்கும் என்பார் அப்பா. சம்பா நடவுக்கு முன் ஒருநாள், ஈரவாய் பார்த்துக் கையை விட்டு ஒரு நண்டை இழுத்துப் புரட்டினேன். வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும் மடி ஆணுக்கு ஒடுக்கம், பெண்ணுக்கு அகலம். இதற்கு அகலமாக இருந்ததோடு உப்பியும் இருந்தது. நகத்தால் நெம்பினேன். உள்ளே மிளகைவிடச் சிறிய குஞ்சுகள், கொடுக்கும் காலுமாக முழு நண்டுகள்! நாலைந்து என் உள்ளங்கையில் ஊர்ந்தன. நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "புள்ளக்காரிய வாய்க்கால்ல விடு தம்பி" என்றாள். அவள் மடியிலும் குழம்புக்கு நாலு நண்டு கிடந்தது.

ஐங்குறுநூற்றில் நண்டுக்கென்றே பத்துப் பாட்டு உண்டு. ஓரம்போகியார் பாடிய களவன் பத்து. குஞ்சு பிறக்கும்போது தாய் நண்டு செத்துவிடும் என்கிறது அதில் ஒன்று. கல்லூரியில் படித்தபோது புள்ளக்காரி ஞாபகம் வந்தது. அவள் சாகவில்லை, மடி நிறையக் குஞ்சோடு வாய்க்காலில் பக்கவாட்டாக ஓடினாள். மருதத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்த புலவர் இதில் மட்டும் ஏமாந்துவிட்டார்.

தரையில் திரியும் நண்டெல்லாம் இப்படி மடியில் வளர்ப்பதில்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவின் செந்நண்டுகள் மழை தொடங்கியதும் காட்டிலிருந்து கோடிக்கணக்கில் கடலுக்கு இறங்கும். ஒரு பெண் நண்டு 1 லட்சம் முட்டை வரை அலையில் உதறிவிட்டுக் காட்டுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகள் 3, 4 வாரம் கடலில் மிதந்து, மீனுக்குத் தப்பினால் கரையேறும். பல வருடங்களில் அநேகமாக ஒன்றும் வருவதில்லை. நம் நிக்கோபாரின் தென்னை நண்டுக்கும் கடல்தான் தொட்டில். கரையேறிய குஞ்சு, காலி நத்தைக் கூட்டைச் சுமந்துகொண்டு திரியும். அட்லாண்டிக்கில் அசென்ஷன் தீவிலோ, நில நண்டின் குஞ்சுகளைப் பெரிய நண்டுகளின் வளைக்குள்ளேயே கண்டிருக்கிறார்கள். கடலில் அலைந்து வந்த குஞ்சுக்குத் தாய்வீடு எது? யாரோ ஒருவர் வளையில் ஒண்டுக்குடித்தனம். குஞ்சைத் தின்னும் நண்டுகளும் உண்டுதான். ஆனால் வெளியே நின்றால் வெயில் உலர்த்திவிடும்.

வயல் நண்டுக்கு அந்தப் பயணமே கிடையாது. முட்டை சில நூறுதான், ஆனால் பெரிது. கடலில் கழிய வேண்டிய பருவமெல்லாம் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடும். கோடையில் வயல் வெடித்தால், ஈரம் தேடி ஆழத்துக்குப் போய் மண்ணால் வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

இளநாற்றை அடியோடு கத்தரிக்கும் நண்டுக்குக் குருணை மருந்து போடுகிறவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சளி பிடித்தால் நண்டு ரசம் வைக்கிற வீடு எங்களுடையது. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பிடித்ததும் புரட்டிப் பாருங்கள். மடி உப்பியிருந்தால் வாய்க்காலில் விட்டுவிடுங்கள். ரசத்துக்கு ஆண் நண்டு போதும்.