ஒளியின் வேகமும் வாதத்தின் நெறியும்

ஒளியின் வேகம் மாறாதது என்பது உண்மைதானா என்று மாணவர் வினவும்போது, நம்மவரிடையே இருவகையான மறுமொழிகள் எழக் காண்கிறோம். "ஐன்ஸ்ரைன் கூறிவிட்டார், அதற்குமேல் என்ன பேச்சு?" என்பது ஒன்று. "மேனாட்டார் கூறுவதையெல்லாம் வேதவாக்காகக் கொள்ள வேண்டுமா?" என்பது மற்றையது. ஆசிரியர் ஓய்வறையிலும் மாணவர் மன்றத்திலும் இவ்விரு கட்சியாரும் மோதிக்கொள்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எதிரெதிரானவை போலத் தோன்றினும் இவையிரண்டும் ஒரே இடத்தில் நிற்பவை. இரு சாராரும் ஒரு மனிதரைப் பற்றியே பேசுகின்றனர். ஒளியைப் பற்றிப் பேசுவார் எவருமிலர்.

பட்டிமன்றம் நமக்குப் பழக்கமானது. அங்கே சொல்வன்மை வெல்லும், நடுவர் தீர்ப்பளிப்பார், மறுநாள் அதே பேச்சாளர் எதிரணியிலும் பேசுவார். விஞ்ஞான வாதமோ வேறு. எது நிகழ்ந்தால் தமது கட்சி தோற்றதாகும் என்பதை வாதிடுவோர் முன்கூட்டியே கூறிவைத்தல் வேண்டும். 1676ஆம் ஆண்டிலே பாரிஸ் வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய டென்மார்க் நாட்டு இளைஞர் ஓலே ரோமர் அவ்வாறே செய்தார். வியாழனின் சந்திரன்களுள் ஒன்றான அயோ, வரும் நவம்பரில் வியாழனின் நிழலிலிருந்து வெளிப்படுவது கணித்த நேரத்துக்கு 10 நிமிடம் பிந்தியே தெரியும் என்று அறிவித்தார். பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லுகையில் ஒளி கூடுதலான தூரத்தைக் கடக்கவேண்டியிருப்பதே காரணம் என்றார். ஒளி பயணஞ் செய்ய நேரமே தேவையில்லை என்று கற்றோர் பலர் கருதிய காலம் அது. நிலையத்தின் பெரியவரான கசீனி இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. ஆயினும் அயோ பிந்தியே வெளிப்பட்டது. பதவியும் புகழும் கசீனியின் பக்கம் இருந்தன. கடிகாரம் ரோமரின் பக்கம் நின்றது.

ஒளிக்கு வேகம் உண்டு என்பது தெளிந்தபின், அவ்வேகம் மாறாததா என்ற வினா எழுந்தது. இங்கே கூற்றைத் திருத்தமாக அறிந்துகொள்ளல் அவசியம். ஒளி எங்கும் ஒரே வேகத்திற் செல்கிறது என்று எவரும் கூறவில்லை. நீரிலே அது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வேகத்திலேயே செல்கிறது. வெற்றிடத்திலே, விளக்கு நகர்ந்தாலும் அளப்பவர் நகர்ந்தாலும், ஒளியின் வேகம் ஒன்றே என்பதுதான் கூற்று. ஓடும் புகைவண்டியிலிருந்து முன்னோக்கி எறியப்படும் பந்துக்கு வண்டியின் வேகமும் சேரும், ஒளிக்குச் சேராது. அன்றாட அனுபவத்துக்கு இது ஒவ்வாதது. ஆகவே இதனை ஐயுறுவதிற் குற்றமேதுமில்லை. பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதால் ஒளியின் வேகம் திசைக்குத் திசை வேறுபடும் என்று எதிர்பார்த்தே, 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே தமது பரிசோதனையை நடத்தினர். எதிர்பார்த்த வேறுபாடு புலப்படவில்லை.

அதன் பின்னரும் ஐயம் ஓயவில்லை. அமெரிக்கப் பேராசிரியர் டேய்ற்றன் மில்லர் 1920களில் வில்சன் மலையிலே அதே பரிசோதனையை ஆயிரக்கணக்கான தடவை நிகழ்த்தி, சிறியதாயினும் ஒரு வேறுபாடு உண்டு என்று அறிவித்தார். அவருடைய வாயை எவரும் அடைக்கவில்லை. அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் அவருக்குப் பரிசும் வழங்கிற்று. வேறு பலர் வேறு கருவிகளால் அளந்து பார்த்தனர்; அவர்களுக்கு அவ்வேறுபாடு கிட்டவில்லை. மில்லர் 1941இல் மறைந்தார். 1955இல் ஷாங்லண்ட் என்பாரும் அவர்தம் துணைவரும் மில்லரின் குறிப்பேடுகளையே எடுத்து ஆராய்ந்து, பரிசோதனைக் கூடத்தின் வெப்பநிலை மாற்றங்களே அவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்தனர். மாற்றுக் கருத்தாளர் ஒருவரின் ஏடுகளை அவர் மறைந்து 14 ஆண்டுகளின் பின்னரும் பொறுமையோடு படித்தார்களே, அதுவே வாதத்தின் நெறி.

பெரும்பான்மையும் சான்றாகிவிடாது. 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் அளக்கப்பட்ட பெறுமானங்கள் விநாடிக்கு 299,776 கிலோமீற்றர் என்ற அளவைச் சூழ்ந்தே நின்றன. ஒன்றை மற்றொன்று உறுதிப்படுத்துவதுபோலத் தோன்றிற்று. பின்னர் இங்கிலாந்தில் லூயி எசென் நுண்ணலைகளைக் கொண்டு அளந்தபோது 299,792 என்ற பெறுமானம் கிடைத்தது. அதுவே நிலைத்தது. இதே எசென் பிற்காலத்தில் ஐன்ஸ்ரைனின் சார்புக் கொள்கையைக் கண்டித்து எழுதினார் என்பது பலர் அறியாத செய்தி. அவருடைய கண்டனத்தை விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. அவருடைய அளவை எவரும் தள்ளிவிடவுமில்லை.

அரசியல் ஆணையால் ஒளியின் இயல்பைத் தீர்மானிக்க முனைந்தோரும் உளர். 1931இல் ஜேர்மனியிலே நூறு ஆசிரியர்கள் ஐன்ஸ்ரைனை எதிர்ப்பதாகப் பறைசாற்றிய நூலொன்று வெளிவந்தது. நொபெல் பரிசு பெற்ற லெனாட், நாற்சி ஆட்சிக் காலத்தில் 'ஜேர்மன் பௌதிகம்' என்ற பெயரில் நூலெழுதி, யூதருடைய பௌதிகமென்று சார்புக் கொள்கையை இழித்துரைத்தார். இதனைக் கண்டிப்பது முற்போக்காளருக்கு எளிது. நமது பக்கத்தை நோக்குவதே கடினம். 1952இலே சோவியத் மெய்யியலாளர் மக்சிமோவ், கடற்படையின் செய்தித்தாளில், சார்புக் கொள்கையைப் பிற்போக்கானதெனச் சாடினார். சோவியத் பௌதிக அறிஞர் விளாதிமிர் ஃபொக், இத்தகைய விமரிசனம் அறியாமையின் விளைவு என்று 1953இல் அந்நாட்டு மெய்யியல் ஏட்டிலேயே மறுத்தெழுதினார். ஃபொக்கும் இயங்கியல் பொருள்முதல்வாதத்தை ஏற்றவரே. பொருளே முதல் என்று கூறுவோர் பொருளை அளந்தவரின் சொல்லைக் கேட்கக் கடமைப்பட்டவர் என்பதை அவர் மறக்கவில்லை.

கூர்மதியுள்ள மாணவனொருவன் ஒருமுறை எம்மை மடக்கினான். "1983இல் மீற்றரையே ஒளியின் வேகத்தைக் கொண்டு வரையறுத்துவிட்டார்கள். 299,792,458 மீற்றர் என்பது இனி எப்படி மாறும்? இது தந்திரமல்லவா?" என்றான். நல்ல வினா. எண் நாம் வகுத்துக்கொண்டது. ஆனால் எல்லாத் திசையிலும் எல்லா நிறத்திலும் வேகம் ஒன்றே என்பது இயற்கை கூறவேண்டிய விடை. அதனை இன்றும் சோதிக்கிறார்கள். 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணஞ்செய்து 2009இல் வந்தடைந்த காமாக் கதிர் வெடிப்பொன்றில், மிகுந்த சக்தியுடைய ஒளித்துணிக்கையும் குறைந்த சக்தியுடையவையும் ஏறத்தாழ ஒரு விநாடி இடைவெளிக்குள் வந்து சேர்ந்தன. இதனைக் கூறியதும் மாணவன் கேட்டது எம்மைச் சிந்திக்க வைத்தது: "அதையும் நீங்கள் சொல்லித்தானே நான் நம்பவேண்டும்?"

நோய் இருக்குமிடம் இதுவே. அளந்து பார்க்க வாய்ப்பில்லாதவனுக்கு நம்புதல், மறுத்தல் என்ற இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. ஆய்வுகூடமற்ற பாடசாலையிலே பௌதிகம் மனனஞ் செய்யும் தோத்திரமாகிறது. தோத்திரமாகிவிட்டதை வெறுப்பவனும் அங்கேயே தோன்றுகிறான். ஆகவே ஆய்வுகூடம் கேட்டுப் போராடுவதும் விஞ்ஞான வாதத்தின் ஒரு பகுதியே என்கிறோம்.

அது கிட்டும்வரை கையிலுள்ளதைக் கொண்டு தொடங்கலாம். நுண்ணலை அடுப்பொன்று இரவல் கிடைத்தாற் போதும். சுழலும் தட்டை அகற்றிவிட்டு, நீளமான சொக்கலேற் கட்டியொன்றைச் சில விநாடிகள் உள்ளே வையுங்கள். அது முதலில் உருகும் இரு புள்ளிகளுக்கிடையே அடிமட்டத்தை வைத்தால் ஏறத்தாழ 6 சதமமீற்றர் வரும். அதன் இருமடங்கு அலைநீளம். அடுப்பின் பின்புறத்திலே பெரும்பாலும் 2450 மெகாஹேட்ஸ், அதாவது விநாடிக்கு 245 கோடி அதிர்வு, என்று பொறித்திருப்பார்கள். பெருக்கினால் விநாடிக்கு 294,000 கிலோமீற்றர். பாடநூலின் எண்ணோடு சிறிது பிசகும். அப்பிசகு எங்கிருந்து வந்தது என்று மாணவர் தம்முள் வாதிடட்டும்.