கற்பூர மரத்தின் சொந்த ஊர்

கிரவீன், சிட்னி

அன்புத் தோழிக்கு,

ஆஸ்திரேலியாவில் என்னென்ன பார்த்தாய், ஒன்று விடாமல் எழுது என்று கேட்டிருந்தாய். ஓபரா ஹவுஸையும் துறைமுகப் பாலத்தையும் பார்த்தேன். அவற்றைப் படங்களில் நீயும் பார்த்திருப்பாய். எனக்கு எழுதத் தோன்றுவது மரங்களைப் பற்றித்தான். கோத்தகிரியில் நாம் சருகு பொறுக்கிய கற்பூர மரம் என்னும் யூகலிப்டஸ், வனத்துறையார் வாட்டில் என்று சொல்லும் சீகை, தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் எல்லாம் இந்த நாட்டிலிருந்து வந்தவை. அவற்றைப் பிறந்த மண்ணில், அவற்றை நம்பி வாழும் உயிர்களோடு சேர்த்துப் பார்த்துவிட்டேன்.

மகள் வீடு இருக்கும் கிரவீன், சிட்னியின் மேற்குப் புறநகர். பக்கத்தில் பென்டில் ஹில் கடைத்தெருவுக்குப் போனால் தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் திரும்ப முடியாது. விடிந்தால் தெருவோர யூகலிப்டஸ் பூவில் லோரிகீட் கிளிகள் கூச்சலிடும். நீலத் தலை, ஆரஞ்சு மார்பு, பச்சைச் சிறகு. தேன் நக்குவதற்கென்றே நுனியில் தூரிகை போன்ற நாக்கு. இருட்டும் நேரத்தில் பரமட்டா ஆற்றங்கரையிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்புகின்றன. அவையும் யூகலிப்டஸ் பூவைத் தேடித்தான் போகின்றன.

இங்கே நம் ஊர் மைனாவும் உண்டு. 1860களில் பூச்சிகளைத் தின்னும் என்று மெல்பர்னுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டு உள்ளூர்க் கிளிகளை விரட்டுகிறது என்று அதன்மேல் எல்லோருக்கும் கோபம். நம் மலையில் சீகையைப் பற்றிப் பேசும்போது வரும் அதே கோபம். எனக்கு மைனாவைத் திட்ட மனம் வரவில்லை. அதை இங்கே கொண்டுவந்து விட்டவர்கள் மனிதர்கள்தானே.

பிளாக்டவுனில் ரயில் மாறி, ப்ளூ மவுன்டன்ஸ் எனும் நீல மலைக்குப் போனோம். அங்குள்ள கட்டூம்பா ஊரின் உயரம் சுமார் 1000 மீட்டர், ஊட்டியின் உயரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் இது ஏறிப் பார்க்கிற மலை இல்லை. நின்று கீழே பார்க்கிற மலை. மணற்கல் பீடபூமியை ஆறுகள் அறுத்து அறுத்துப் பள்ளத்தாக்கு ஆக்கியிருக்கின்றன. எக்கோ பாயின்டில் நின்றால் மூன்று சகோதரிகள் பாறைக்கு அப்பால் கண்ணுக்கெட்டும்வரை காடு. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த இந்த வட்டாரத்தில் மட்டும் சுமார் 90 வகை யூகலிப்டஸ் இருக்கின்றன. ஒன்றன் பட்டை உரிந்து தொங்குகிறது, அடுத்தது வழவழவென்று வெளுத்திருக்கிறது, இன்னொன்று இரும்புபோல் கறுத்து வெடித்திருக்கிறது. ஒரே மாதிரி வரிசையாக நட்ட தோப்பைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுக் காட்சி.

2019-20 காட்டுத்தீயில் இந்த மலைக்காட்டின் பெரும்பகுதி எரிந்தது. கரி பிடித்த அடிமரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் பட்டைக்குள்ளிருந்தே புதுத் துளிர் விட்டு மரம் மீண்டிருக்கிறது. வாலமை பைன் என்றொரு மரம் 1994இல்தான் இங்கே ஒரு மறைவான பள்ளத்தாக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. டைனோசர் காலத்து வம்சம். காட்டில் நூறு பெரிய மரங்கள்கூட இல்லை. அந்தத் தீ நெருங்கியபோது தீயணைப்பு வீரர்களை ஹெலிகாப்டரிலிருந்து இறக்கி, நீர் தெளிப்பான்கள் வைத்து அதைக் காப்பாற்றினார்கள். கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மெல்பர்ன் பக்கம் கிரேட் ஓஷன் ரோடில் கோவாலாவைப் பார்த்தோம். யூகலிப்டஸ் கிளைக் கவட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கட்டிப்போட்டது பிலிப் தீவு. இருட்டத் தொடங்கியதும் ஒரு சாண் சொச்சம் உயரமுள்ள பெங்குவின்கள் அலையிலிருந்து சிறு கூட்டங்களாக ஏறி வருகின்றன. உலகிலேயே மிகச் சிறிய பெங்குவின் இனம் இதுதான். நின்று, சுற்றிப் பார்த்து, ஒன்று ஓடினால் எல்லாம் ஓடுகின்றன. அவற்றின் கண் கூசும் என்பதால் படம் எடுக்கத் தடை. தீவில் அவை வளை தோண்டும் தீபகற்பத்தில் முன்பு ஒரு குடியிருப்பே இருந்தது. 1985இல் விக்டோரியா மாநில அரசு மனைகளையும் வீடுகளையும் விலைகொடுத்து வாங்கத் தொடங்கியது. 2010க்குள் வீடு, சாலை எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி நிலத்தைப் பெங்குவினுக்கே விட்டுக்கொடுத்தது. வேட்டை விளையாட்டுக்காக ஐரோப்பியர் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த நரியையும் தீவிலிருந்து அறவே ஒழித்தார்கள். யானை வழித்தடம் என்று நம் ஊரில் பேச்செடுக்கும்போதெல்லாம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக டாஸ்மேனியா. கெட்டரிங்கிலிருந்து படகில் கார் ஏற்றி புரூனி தீவுக்குப் போனோம். நம் கற்பூர மரத்தின் பிறந்த வீடு இந்தப் பக்கம்தான். இலையைக் கசக்கினேன், சளி பிடித்தால் அம்மா நெஞ்சில் தேய்க்கும் தைல வாசனை. மரம் நிறையப் பூத்திருந்தது, வெண்மஞ்சள் மகரந்தக் குஞ்சம். முகத்தில் சிவப்புத் தீற்றிய ஸ்விஃப்ட் கிளி இந்தப் பூவை நம்பித்தான் கடல் தாண்டி இங்கே வந்து முட்டையிடுகிறது. டாஸ்மேனியாவைத் தவிர வேறெங்கும் அது குஞ்சு பொரிப்பதில்லை. கூடு வைக்க முதிர்ந்த மரத்தின் பொந்து வேண்டும். பொந்து விழ நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். முதிர்ந்த மரங்களை வெட்டிவிட்டதால் அந்தக் கிளி இனமே அழியும் நிலையில் இருக்கிறது.

ஊட்டித் துரைமார்களுக்கு விறகு வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கற்பூர மரத்தை நீலகிரியில் நட்டார்கள். பிறகு சிறுமுகை ஆலையின் மரக்கூழுக்கும் வெட்டினார்கள். வரையாடு மேய்ந்த புல்வெளிகளைச் சீகை மூடியது. சோலையையும் புல்வெளியையும் மீட்க அந்நிய மரங்களை அகற்ற வேண்டும் என்பவர்களோடு நானும் உடன்படுகிறேன். ஆனால் தண்ணீர் குடிக்கும் மரம், ஒன்றுக்கும் உதவாத மரம் என்று இனி என்னால் கற்பூர மரத்தைப் பழிக்க முடியாது. அது யாருக்கு உதவுகிறது என்பதைப் புரூனியில் பார்த்துவிட்டேன்.

நீ வருவதானால் நவம்பரில் வா. பெங்குவின் குஞ்சுகளையும் பார்க்கலாம். பைனாகுலர் மறக்காதே. கறிவேப்பிலை, விதை, மரச்சாமான் எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதே. விமான நிலையத்தில் கேட்டுக் கேட்டுச் சோதிக்கிறார்கள். மைனா, நரி, முயல் என்று பட்ட நாடு, சோதிக்கட்டும். கறிவேப்பிலை பென்டில் ஹில்லிலேயே கிடைக்கும்.

அன்புடன்,
உன் தோழி